முதல் ஆளாகக் கட்டிய வரி

மெட்டுகுடாவில் எதிர்வீட்டுத் தியோடர் அண்ணன் வாசல் வெயிலில் நிற்கிறார். துணி எடுக்கும் சாக்கில் நானும் மாடியில் நிற்கிறேன். காய்ந்த துணியையே மறுபடி உதறுகிறேன். அவர் கையில் லேமினேட் செய்த வீட்டு வரி ரசீதுகள் பளபளக்கின்றன. ஏப்ரல் பிறந்ததும் தெருவில் முதல் ஆளாக வரி கட்டித் தள்ளுபடி வாங்கிவிட்டு, "இன்னும் கட்டலியா பானு? வீடு கைய விட்டுப் போயிரும்" என்று என்னைக் குத்துகிற மனுஷர். அவர் வீடு வாங்கியதென்னவோ நோட்டரி முத்திரை குத்திய காகிதத்தில்தான். பதிவுச் செலவு மிச்சமென்று சர்ச்சுக்கே கேக் கொடுத்தார். இப்போது விற்றவர் செத்துப்போக, மகன் பிளஸ்ஸன் பதிவுப் பத்திரத்தோடு வந்து நிற்கிறான்.

"அப்பா வித்தாரோ என்னவோ அங்கிள், ரிஜிஸ்டர் பத்திரம் அவர் பேர்லதான் இருக்கு."

"டேக்ஸ் என் பேர்ல வருதேப்பா! பாரு."

"நக்கோ அங்கிள், வேணாம், உள்ள வைங்க. டேக்ஸ் யார் கட்டினாலும் வாங்கிப்பாங்க. அதுக்காக வீடு அவங்களுது ஆயிடுமா?"

அண்ணன் அடுத்த ரசீதை மேலே எடுத்து வைத்து மறுபடி நீட்டுகிறார். அவர் மனைவி மரியபுஷ்பம் அக்கா காய்கறிப் பையோடு வந்து, கேட்டுக்கு வெளியிலேயே எல்லாவற்றையும் கேட்டபடி நிற்கிறாள். பையிலிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்க்கிறது. கணவனை அவள் பார்க்கவில்லை. பிளஸ்ஸனைப் பார்த்துத்தான் கேட்கிறாள்:

"தம்பி, நான் உள்ள போயி சோறு வடிக்கலாமா?"

அதற்குப் பதில் சொல்ல அவன் யோசிக்கிறான்.