நைஸ் மாவு

பல்லடம் கோழித்தீவன ஆலையில் அரவைப் பிரிவில் வேலை பார்த்தாள் துளசிமணி. மக்காச்சோளத்தை அங்கே ஆவியில் வேகவைத்து, ஊதினால் பறக்கிற அளவுக்கு நைசாக அரைப்பார்கள். வயிற்றுக்கு அரைக்கிற வேலையே வைக்காத அந்தத் தீனியைத் தின்ற குஞ்சு, பதினைந்தே நாளில் இரண்டு கிலோ ஏறிவிடும்.

அதே எந்திரத்தில் அரைத்த குழந்தை மாவை ஆலை தன் வேலையாட்களுக்குச் சும்மாவே கொடுத்தது. துளசிமணியின் மகள் யாழிசை அதை மட்டுமே குடித்து வளர்ந்தாள். இரண்டு வயதில் நாலு வயதுப் பிள்ளையின் உடம்பு. பார்த்தவர்களெல்லாம் சுற்றிப் போடச் சொன்னார்கள்.

ஒரு கல்யாணப் பந்தியில் துளசிமணியின் கணவன் கார்வேந்தன் ஆசையாக மகளுக்கு நாலு வாய் பருப்புச் சோறு ஊட்டினான். பொழுது சாய்வதற்குள் குழந்தையின் வயிறு பானையாக வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் சோற்றை எடுத்தார்கள்.

"பாப்பா குடலுக்கு வேலை செஞ்சே பழக்கமில்லீங்க. இனியும் பழகாது," என்றார் டாக்டர். "அந்த மாவத் தவிர வேற எதையும் குடுத்துராதீங்க."

ஆத்திரம் அடங்காமல் துளசிமணி நேரே ஆலைக்குப் போனாள். வேலையை விட்டு நின்றுகொள்வதாக மேனேஜரிடம் கத்தினாள்.

"நின்னுக்குங்க அம்மணி," என்றார் அவர் நிதானமாக. "ஆனா மாவு இங்க வேலை செய்யறவங்களுக்கு மட்டுந்தானுங்க. வெளிய விக்கறதில்லீங்க."

துளசிமணி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு எனக்கு எந்த ஷிப்டுங்க?" என்று கேட்டாள்.