பழசைக் கழட்டிட்டு...

"பழசு இனிமே தேறாது சிதிகாத். கனமாத் தொங்குது, பார்க்கவே சகிக்கல. சனிக்கிழமை கழட்டி எறிஞ்சிட்டுப் புதுசா ஒண்ண ஃபிக்ஸ் பண்ணிட வேண்டியதுதான்."

சமையலறையில் மொரெனிக்கே காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். கூடத்தில் கால் நீட்டிப் படுத்திருந்த அவள் கணவன் அடெகோயாவுக்குத் தூக்கம் கலைந்தது.

நைஜீரியாவின் அபியோகுட்டா ஊரில் இந்த 'ஃபிக்ஸ்' பொல்லாத வார்த்தை. ஒழுகும் கூரையைச் சரிசெய்தாலும் ஃபிக்ஸ். கல்யாணத்துக்குத் தேதி குறித்தாலும் ஃபிக்ஸ். வேண்டாதவனைத் தீர்த்துக்கட்டினாலும் ஃபிக்ஸ்தான்.

"புதுசு நல்ல கறுப்பா, பளபளன்னு இருக்கணும்டி. நாலு பேர் திரும்பிப் பார்க்கணும்."

அடெகோயா குனிந்து தன் தொப்பையைப் பார்த்தான். தாடியைத் தடவினான். பாதிக்கு மேல் நரை.

மறுநாள் விடிந்ததும் கூரையில் ஏறித் தகரத்துக்கு ஆணி அடித்தான். போன மழைக்கே அவள் சொன்ன வேலை. இறங்கி வந்து, வேகவைத்த வள்ளிக்கிழங்கை உரலில் போட்டு இடித்தான்.

"என்னப்பா, மாமியார் வர்றாங்களா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன்.

"பொண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ணக் கூடாதா?" என்று முறைத்தவன், அன்றே தாடிக்குச் சாயமும் பூசினான். மொரெனிக்கே பார்த்தாள். சமையலறைக்குள் போனாள்.

சனிக்கிழமை அவள் கிளம்ப, பூனைபோல் பின்னாலேயே போனான். அவள் நுழைந்தது சிதிகாத்தின் அழகு நிலையத்துக்குள். எட்டிப் பார்த்தான். தோழியின் தலையிலிருந்து பழைய சவுரிமுடியைப் பிரித்துக்கொண்டிருந்தாள் சிதிகாத். மேசைமேல் கறுகறுவென்று புதுச் சவுரி.

அடெகோயாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"டோலா அப்பா, நீங்க எங்க இங்க?" என்றாள் மொரெனிக்கே.

"சும்மாதான் டோலாம்மா. சேர்ந்து வீட்டுக்குப் போலாமேன்னு..."

மொரெனிக்கே தலை அலசப் பின்பக்கம் போனாள். அடெகோயா குரலைத் தாழ்த்தினான்.

"தங்கச்சி, அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினதக் கேட்டு, என்னைத்தான் கழட்டிவிடப் போறாளோன்னு பயந்தே போயிட்டேன்."

சிதிகாத் சீப்பைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்டயா? போன்லயா? அவ போன் செத்து எத்தன நாளாச்சு அண்ணே. நீங்கதான் ஃபிக்ஸ் பண்ணித் தர்றேன், தர்றேன்னு சொல்லிட்டே இருக்கீங்களாமே?"