கோணல் தையல்

தையல்காரர் கண்பட்டியைக் கழற்றி, அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதைத் தச்சவன் கண்ணை மூடிக்கிட்டே தச்சிருக்கான்" என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. இந்த அறையில் நர்ஸான எனக்கும், எதிர் நாற்காலியில் இருக்கும் சின்ன டாக்டருக்கும் வேலையே சும்மா இருப்பதுதான். அவர் அழுதால் கையைப் பிடித்துக்கொள்ளலாம். தண்ணீர் கேட்டால் கொடுக்கலாம். மற்றபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

காலையில் அவர் விழுங்கிய மாத்திரை, ஒருவகைக் காளானில் இருக்கிற, இல்லாததைக் கண்முன் காட்டும் மருந்தாகவும் இருக்கலாம், வெறும் மாவாகவும் இருக்கலாம். தீராத மனச்சோர்வுக்கு அந்த மருந்து உதவுமா என்பதுதான் இங்கே நடக்கும் ஆராய்ச்சி. யாருக்கு எது போனது என்று விழுங்கியவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆராய்ச்சி முடிகிறவரை தெரியவும் கூடாது.

அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு மாவுதான் குடுத்திருக்கீங்க."

சொல்லிவிட்டுக் கண்பட்டியை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில், இருட்டுக்குள் ஊதாத் துணி ஒன்று விரிந்துகொண்டே போகிறது என்றும், அதற்குக் கரையையே காணோம் என்றும், அதில் பச்சைப் பூ போட்டவனுக்கு ரசனையே கிடையாது என்றும் புகார் சொன்னார்.

மாவுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். சின்ன டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஊகிக்கவும் எங்களுக்கு அனுமதி இல்லை.

மனைவி இறந்ததும் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர் இவர். எத்தனையோ வைத்தியம் பார்த்தாயிற்று. எதற்கும் அசையவில்லை. இங்கேயும் குணமாகாவிட்டால் அடுத்து எங்கே கூட்டிப் போவதென்று தெரியவில்லை என்று மகள் காலையில் என்னிடம் சொன்னாள்.

அவளை வாசலில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. தையல்காரர் மகள் போட்டிருந்த சட்டையில் ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி இருந்தது. கழுத்து வேறு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன். அப்பா அவள் பக்கத்திலேயே நின்றார். எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா ரொம்ப நல்லவரா ஆயிட்டாருங்க. எதைக் குடுத்தாலும் சாப்பிடுவாரு. எதையும் குறை சொல்ல மாட்டாரு" என்றாள்.

அப்பாவை எந்த மகள்தான் விட்டுக்கொடுத்துப் பேசுவாள்?

அந்த நல்லவர் மதியத்துக்குள் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டார். திரைச்சீலை ஒரு விரல் கட்டை. சோபா உறையில் கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஹெட்போனில் வயலின்காரன் அழுதுகொண்டே இருக்கிறான், முதலில் அவனுக்கு இந்த மாத்திரையைக் கொடுங்கள். சின்ன டாக்டரின் பேன்ட்டைத் தைத்தவனுக்கும் டாக்டருக்கும் ஏதோ பழைய பகை இருக்க வேண்டும். டாக்டர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

நடுவில் ஒருமுறை மனைவியின் பெயரைச் சொன்னார். பட்டனுக்குக் காஜா எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்றார். பிறகு வெகுநேரம் அழுதார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அழுது முடித்ததும், என் கை சில்லென்று இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

மாலையில் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தார். அதில் சர்க்கரை பத்தவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. அதைவிட, வெளியே காத்திருக்கும் பெண்ணிடம் என்ன சொல்வது என்று வருத்தமாக இருந்தது. இத்தனை எரிச்சலோடு ஒரு மனிதரைத் திருப்பி அனுப்புகிறோமே என்று நினைத்தேன்.

மகள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். அவள் எதுவும் கேட்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"மாத்திரை ஒண்ணும் வேலை செய்யலம்மா. வெறும் மாவு."

அவள் முகம் வாடிப்போயிற்று. சரிப்பா என்று மட்டும் சொன்னாள்.

அவர் குனிந்து செருப்பை மாட்டினார். நிமிர்ந்தபோது அவர் பார்வை அவள் தோளில் போய் நின்றது. கண்ணைச் சுருக்கினார்.

"இந்தக் கையை எவன் தச்சான்? தோள் இறங்கி நிக்குது பாரு."

அவள் அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மனசு புண்பட்டுவிட்டதோ என்று நான் பதறி எழுந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். கூடவே சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"நான்தான்பா தச்சேன். அம்மா போனதுலேர்ந்து எல்லாத்தையும் கோணலாத்தான் தச்சுப் போட்டுக்கிட்டு உங்க முன்னாடி நடக்கிறேன். இன்னைக்குத்தான் உங்க கண்ணுல பட்டிருக்கு."

நான் சின்ன டாக்டரைப் பார்த்தேன். இந்தத் தடவை சின்ன டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

தையல்காரர் மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் ஓடிய தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முழுசாப் பிரிச்சுத்தான் தைக்கணும்" என்றார். "கடைச் சாவியை எங்க வச்சிருக்க?"