முதலை வயிற்றில் கிடைத்தவை

தன் தாயைக் கொன்றவனுக்கு லேமி தூசி தட்டிக்கொண்டிருந்தாள். வாலில் தொடங்கி முதுகு வழியாகத் தலைக்கு வந்தாள். பற்களுக்கு இடையே துணியை விடும்போது மட்டும் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணாடிக் கண்ணும் வைக்கோல் வயிறுமாக அந்த முதலை சரவாக்கின் ஓர் ஆற்றங்கரை அருங்காட்சியகத்துக்கு வந்து நாற்பது வருஷம் இருக்கும். ஆற்றுக்குப் போன அம்மா திரும்பி வராததும், லேமியின் அப்பாதான் தூண்டில் போட்டு அதைப் பிடித்து, படகில் கட்டி இழுத்து வந்தார். செத்த மிருகங்களைப் பாடம் செய்கிறவர் ஊரே பார்க்க அதன் வயிற்றைக் கிழித்தார். உள்ளே கூழாங்கற்கள், ஒரு பித்தளை மூடி, அம்மாவின் வெள்ளி வளையல்கள் இரண்டு. எலும்போ முடியோ ஒன்றும் இல்லை.

வளையல்களைப் பார்க்கக் கூட்டம் அள்ளியது. அந்த இடத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அவைதான். தாயில்லாப் பெண் என்று இரக்கப்பட்டு, வளர்ந்தபின் லேமிக்கு அங்கேயே வேலையும் கொடுத்தார்கள்.

வேலை கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. தப்பு செய்யாதவர்களை முதலை தொடாது என்பது ஆற்றோரத்து ஜனங்களின் நம்பிக்கை. "உங்கம்மா அப்படி என்னதான் பண்ணினா?" என்று, ஊரே ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் நீண்ட வீட்டின் அத்தனை வாசலிலும் கேட்டுவிட்டார்கள்.

அப்பா போன மாதம் இறந்தார். வளையல்களைத் தன் குழியில் வைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. மேலதிகாரி முடியாது என்றுதான் முதலில் சொன்னார். லேமி நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். நாளைக்கு அம்மாவுக்கும் ஒரு கல்லறை ஆகிவிடும், ஊர் வாயும் அடங்கும் என்று நம்பினாள்.

கண்ணாடிப் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் வயதான பெண்மணி ஒருத்தி நின்றிருந்தாள். வெளியூர்க்காரி. காலையிலிருந்து முதலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தவள்.

முதலை கல்லையெல்லாமா தின்னும் என்று கேட்டாள். லேமி எல்லோருக்கும் சொல்லும் பதிலையே சொன்னாள். செரிமானத்துக்காகக் கல்லை விழுங்கும், ஆற்றடியில் கெட்டியாக எது கிடந்தாலும் விடாது. பிறகு, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்ததால், அப்பாவின் ஆசையையும் சொன்னாள்.

"அவரு போயிட்டாரா? நிச்சயமா?"

"போன மாசம்மா. நானேதான் மண்ணு போட்டேன்."

அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வெகுதூரம் ஓடிவந்தவள் போல மூச்சு வாங்கினாள்.

"அவரு கூடவா வைக்கப்போற? வேணாமே, பொண்ணு."

லேமிக்குச் சுருக்கென்றது. அப்பாவின் கோபம் ஊரறிந்ததுதான். அவர் கையை ஓங்கினால் அக்கம்பக்கத்தில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆனாலும் அம்மாவுக்காக உயிரைப் பணயம் வைத்து முதலையைப் பிடித்த மனுஷனை, முன்பின் தெரியாத ஒருத்தி எப்படிப் பேசலாம்?

லேமி ஒரு வளையலை எடுத்துத் தன் கையில் மாட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் முட்டியைத் தாண்டவில்லை. அழுகை வந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு அம்மா எப்படித்தான் வேலை செஞ்சாங்களோ."

பெண்மணி எழுந்து வந்தாள். லேமியின் கையைப் பிடித்து, வலிக்காமல் வளையலை உருவி எடுத்தாள்.

"இது எடது கையோடது. அன்னைக்கும் லேசுல வரல. சோப்பு போட்டுக் கழட்டித்தான் ஆத்துல எறிஞ்சேன்."