பழைய பாணி முடிவு

"படம் அருமையா வந்திருக்குங்க தம்பி. கடைசிக் காட்சிதான் ஒட்டலை," என்றார் தயாரிப்பாளர் பொற்கொடி. பீளமேட்டு எடிட்டிங் அறையில் இயக்குநர் ஆல்வின் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"வேற சாதிப் பொண்ணைக் கட்டின பையனைக் கொல்லத் துரத்தறாங்க. கடைசியில பார்த்தா, அவன் சிரிச்சுக்கிட்டே ஊட்டுக்கு வாரான். இதெல்லாம் அந்தக் காலத்துப் படமுங்க. இப்ப அடிபட்டவங்களே கேமராவைக் கையில எடுத்து, நடந்ததை நடந்தபடியே சொல்றாங்க. நீங்க மட்டும் ஏன் பயப்படறீங்க?"

"பயமில்லைங்க மேடம். அவனை வெட்டற காட்சியையும் எடுத்து வெச்சிருக்கேனுங்க."

"அப்புறம் ஏன் சேர்க்கலை?"

"சேர்த்துத்தானுங்க மொதல்ல எங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்."

"பாவம், அழுதுட்டாங்களா?"

"இல்லைங்க. திரையவே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'படத்துலயாச்சும் உங்கண்ணனை ஊட்டுக்கு அனுப்பக் கூடாதா கண்ணு'ன்னு கேட்டாங்க."

பொற்கொடி, திரையில் சிரித்தபடி நின்ற அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த முடிவே இருக்கட்டுங்க தம்பி," என்றார் பிறகு. "மொத நாள் அம்மாவையும் தியேட்டருக்குக் கூட்டிட்டு வாங்க."