பிந்துவின் கத்திகள்

வம்சி வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்து காபி போட்டான். நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கண்ணாடி அலமாரியைத் திறந்து, பிந்துவின் கத்திகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் போட உட்கார்ந்தான்.

எல்லாமே கோவை உக்கடத்தில் அப்துல் மஜீத் பாய் தன் பட்டறையில் கையால் அடித்தவை. லாரிப் பட்டை இரும்பு, ஈட்டி மரப் பிடி, பிடியோரம் சின்னதாக ஒரு மீன் முத்திரை. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. கடைசியாக வாங்கியது மட்டும் இன்னும் பழைய செய்தித்தாளுக்குள்ளேயே கிடந்தது. அதை அவன் தொடுவதில்லை.

அலமாரிக்கு மேலே அவன் மனைவி பிந்துவின் மாலையிட்ட படம். படத்துக்குக் கீழே மாமியார் அச்சடித்து ஒட்டிய வாசகம்: "கத்தியெல்லாம் நம்மூட்லயே பத்திரமா இருக்கட்டுங்க." பிந்து கடைசியாகச் சொன்ன வார்த்தை என்று குடும்பமே அதைச் சாமி வாக்குப் போலச் சொல்லிக்கொண்டிருந்தது.

வம்சிக்குப் புனேயில் வேறு வேலை கிடைத்திருந்தது. வருகிறானா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். 'வருகிறேன்' என்று நேற்றே போனில் அடித்து வைத்துவிட்டான். அனுப்பவில்லை.

மாமியார் வெங்கடம்மாள் பொள்ளாச்சியிலிருந்து வந்திறங்கினார். பின்னாலேயே மஜீத் பாய். மகளின் வருஷத் திதிக்கென்று வெங்கடம்மாளே ஒரு கத்தி செய்யச் சொல்லியிருந்தார்.

பாய் அதைக் கைக்குக் கை கொடுக்கவில்லை. கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்கள். மேசையில் வைத்தார். வம்சி எடுத்துக்கொண்டான்.

"பிடி எப்படிங்க தம்பி, கைக்கு அடக்கமா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க பாய்."

"அதைக் கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியாச் சொல்றதுதானுங்க மாப்ள!" என்றார் வெங்கடம்மாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லோணுங்க. புனேல வேலை வந்துருக்குது. இந்த ஊட்டைக் காலி பண்ணிரலாம்னு..."

"காலி பண்றதா?" வெங்கடம்மாள் படத்தைக் காட்டினார். "நம்மூட்லயேன்னு சொல்லிப்போட்டுப் போயிருக்கறா. கத்தியெல்லாம் தூக்கிட்டு எங்கீங்க போவீங்க? ப்ளேன்லதான் ஏத்துவானுங்களா?"

"நீங்க வேணும்னா பொள்ளாச்சிக்கு எடுத்துட்டுப் போயி..."

"ஏனுங்க மாப்ள, பொள்ளாச்சி எப்படிங்க அவ சொன்ன 'நம்மூடு' ஆகும்? வருசம் ஒரு கத்தி இந்த அலமாரில சேக்கறேன்னு மாசாணியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். சாமி காரியம். வெளையாடாதீங்க."

மஜீத் பாய் டீயை ஆற்றிக்கொண்டே படத்தைப் பார்த்தார்.

"அம்மணிக்குக் கத்தி மேல இத்தனை பிரியம்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க. ஒருக்காகூடப் பட்டறைக்குள்ள வந்ததில்லை. தம்பி வெளிய வர்ற வரைக்கும் கார்லயே ஒக்காந்திருக்கும். டீ குடுத்துவுட்டாலும் கண்ணாடிய எறக்காது."

"கூச்சம் பாய். எங்கூட்டுப் புள்ளைக அப்படித்தான். மனசுக்குள்ளயே பூட்டி வெச்சிருந்திருக்கறா. போறப்பத்தான் தொறந்து சொன்னா." சொல்லிக்கொண்டே வெங்கடம்மாள் அலமாரிக்குள் கையை விட்டார். "இதென்னங்க பொட்டணம்? பிரிக்காமயே கெடக்குது?"

வம்சி எண்ணெய்த் துணியை மடித்தான். பாய்தான் எட்டிப் பார்த்தார்.

"நாஞ் சுத்திக் குடுத்ததுங்க அது. அம்மணி ஆசுபத்திரில இருந்தப்ப, தம்பி வந்து வாங்கிட்டுப் போனாருங்க. அன்னிக்குச் சாயங்காலந்தான் தகவல் வந்துச்சு."

"நானு ஆனைமலைக்குக் கோயிலுக்குப் போயிருந்தனே, அன்னிக்கா?" வெங்கடம்மாளின் கண்கள் நிறைந்துவிட்டன. "அவ கேட்டிருப்பா! அதுக்குத்தான் ஓடிப்போயி வாங்கியாந்திருக்கறீங்க. எங்கிட்ட இத்தனை நாளும் சொல்லவே இல்லீங்களே மாப்ள. எவன் இந்தக் காலத்துல பொண்டாட்டி ஆசைய இப்படித் தீப்பான்!"

வம்சி வாயைத் திறந்தான். ஒரே ஒரு வாக்கியம் போதும். அலமாரியும் வீடும் இந்த ஊரும் அந்த நிமிஷமே அவனை விட்டுவிடும்.

வெங்கடம்மாள் அவனுடைய எண்ணெய்க் கையை இழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அத்தை கையை விட்டதும் போனை எடுத்தான். 'வருகிறேன்' என்பதை அழித்தான். 'வர இயலாது' என்று அடித்து அனுப்பினான்.

"இந்தப் புதுசையும் வரிசைல வெச்சிருங்க மாப்ள," என்று சொல்லிவிட்டு அத்தை பாயை வழியனுப்ப வாசலுக்குப் போனார்.

வைத்தான். பக்கத்தில் அந்தச் செய்தித்தாள் பொட்டலம்.

அன்று பட்டறையில் சாணை பிடித்து முடிக்க நேரமாகிவிட்டது. அவன் வார்டுக்குத் திரும்பியபோது பிந்துவுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. கைக்குக் கை கொடுக்கக் கூடாதே என்று பொட்டலத்தைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

எல்லாம் முடிந்தபின் வந்து சேர்ந்த அத்தை, "கடேசியா என்ன சொன்னா? எம்புள்ள என்ன சொன்னா மாப்ள?" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அந்தப் பொட்டலம் அவன் கையில் இருந்தது. அதைப் பார்த்தபடியே வாயில் வந்ததைச் சொன்னான். அதுதான் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது.

பிந்து சொன்னது அதுவல்ல.

"இன்னிக்குமா கத்தி வாங்கப் போனீங்க?"