அடுத்த வரி

வைக்கோல் போருக்கு அடியில் போட்ட பொரிகடலைக் கடை படுத்துவிடுமோ என்று எலி அண்ணாச்சி கவலைப்பட்டார். வயலெல்லாம் கேட்கப் பாடும் சில்வண்டிடம் போனார்.

"நம்ம கடைக்கு ஒரு விளம்பரப் பாட்டுப் பாடு தம்பி. கேட்டவங்க மறக்கக் கூடாது."

"முதல் வரியை யார் பாடினாலும் அடுத்த வரி தானா வாயில வந்துரும் அண்ணாச்சி. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

பாட்டு பரவியது. கூட்டம் குவிந்தது. ஒருநாள் பூனையும் வந்தது.

அண்ணாச்சி பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு பொந்துக்குள் பதுங்கினார். எந்தப் பொந்து என்று பூனைக்குத் தெரியவில்லை. அது நிதானமாக உட்கார்ந்து, மெல்லப் பாடியது.

"பொரி வேணுமா, கடலை வேணுமா?"

அண்ணாச்சி இரண்டு கையாலும் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார். தன் வாயைப் பொத்தக் கை மிச்சமில்லை.

"உள்ள வாங்க, வயிறாறத் தின்னுங்க."